காதுகுத்துக்கு வந்த கால்பந்துப் பகை

வியாழன் – மதுரை

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டது. பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், நிலையத்துக்கே காரோடு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து. செக்கானூரணி தாண்டி உள்ள குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி, கிடாய் வெட்டி, காது குத்துகிறார்கள். அதுவரை ஊரைச் சுற்றிவிட்டுத் தினம் ஒரு பதிவு எழுதுவதாகத் திட்டம். மதுரையைப் பற்றி எழுத இன்னும் என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த முறை நான் எழுதப்போவதில் பாதி, காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டது.

முன்சீட்டில் இருந்தவர் அண்ணியின் தம்பி, குழந்தையின் தாய்மாமன். காதுகுத்தில் அவர் மடிதான் முக்கியம். அவரும் அண்ணனும் அன்பான அத்தான் மாப்பிள்ளைதான். ஒருவர் வீட்டில் உலை வைத்தால் மற்றவர் வீட்டுக்குக் குழம்பு போகும். ஆனால் இருவருக்கும் நடுவே 2007ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி உட்கார்ந்திருக்கிறது. எழுந்து போக மறுக்கிறது.

அண்ணன் 2006இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உலோகவியல் மேற்படிப்புக்குப் போனவர். கத்தியும் எஃகும் செய்து பேர் வாங்கிய ஊர் அது. அங்கே ஷெஃபீல்டு யுனைடெட் அணி அந்த ஆண்டுதான் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறி வந்திருந்தது. குளிரும் தனிமையுமாக இருந்த ஒரு மதுரைப் பையனுக்கு ஊரே சேர்ந்து ஒரு அணிக்காகப் பதறுவதைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. மச்சான் அதே சமயத்தில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காய் கிடைக்கும், முருகன் கோயிலில் தேர் ஓடும், இறங்கி நடந்தால் வெஸ்ட் ஹாம் அணியின் பழைய மைதானமான அப்டன் பார்க் வரும். 2016இல் அந்த அணி ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபோய்விட்டது. அப்போது பெற்ற தாய் வீட்டை விற்றது போல மச்சான் புலம்பினாராம்.

கதை தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிரீமியர் லீகில் இருபது அணிகள். கடைசி மூன்று இடங்களில் முடிப்பவை கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள். மறுபடி ஏற எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தின் கடைசி நாளுக்கு முன் வாட்ஃபோர்டும் சார்ல்டனும் போய்விட்டன. மிச்சம் ஒரு இடம். வெஸ்ட் ஹாம் 38 புள்ளி, ஷெஃபீல்டு 38, விகன் 35. ஷெஃபீல்டு சொந்த மைதானமான பிராமல் லேனில் விகனோடு சமன் செய்தாலே பிழைத்துவிடும். வெஸ்ட் ஹாமோ, பட்டத்தை ஏற்கெனவே வென்றுவிட்ட மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த ஊரில் சந்திக்க வேண்டும்.

வெஸ்ட் ஹாம் 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் கார்லோஸ் டெவெஸ். ஷெஃபீல்டு 2-1 என்று தோற்றது. விகனும் ஷெஃபீல்டும் 38 புள்ளியில் சமம். அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்துப் பார்க்கும் கோல் வித்தியாசத்தில் விகன் ஒரே ஒரு கோல் மேலே நின்றது. ஷெஃபீல்டு இறங்கியது.

இதுவரை விதி. இனிமேல்தான் வழக்கு. டெவெஸும் மாஸ்கெரானோவும் 2006 ஆகஸ்ட் கடைசியில் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணியிலிருந்து வெஸ்ட் ஹாமுக்கு வந்தவர்கள். அவர்களை விற்றால் வரும் பணத்துக்கான உரிமை வெளியே சில நிறுவனங்களின் கையில் இருந்தது. வெளியாள் அணியின் முடிவுகளில் தலையிடும்படி ஒப்பந்தம் இருக்கக்கூடாது என்பது லீகின் விதி. வெஸ்ட் ஹாம் நிர்வாகம் அந்தக் காகிதங்களைக் காட்டாமல் மறைத்தது. 2007 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விசாரணைக் குழு 55 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. புள்ளியைக் குறைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், நிர்வாகம் கைமாறிவிட்டது, பருவம் முடியும் நேரம், ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் என்ன தவறு செய்தார்கள் என்றெல்லாம் காரணங்கள். டெவெஸ் தொடர்ந்து ஆடினார். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வெஸ்ட் ஹாம் வென்றது.

“மூன்று புள்ளி பிடித்திருந்தால் போதும். நாங்கள் இருந்திருப்போம்” என்றார் அண்ணன், சிம்மக்கல்லில் கறி தோசைக்குக் காத்திருந்தபோது. இலை போட்டவர் திரும்பிப் பார்த்தார், தம்மிடம் ஏதோ கேட்கிறார் என்று.

“உங்கள் ஊரில், உங்கள் மைதானத்தில், சமன் செய்தால் போதும் என்ற ஆட்டத்தில் தோற்றதற்கு நாங்கள் என்ன செய்வது அத்தான்?”

“நீ சாப்பிடு.”

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இந்தச் சண்டையில் எனக்கு அணி கிடையாது. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணனைத் தோற்கடித்தது விகன். அன்று அந்த வெற்றி கோலைப் பெனால்டியில் அடித்த டேவிட் அன்ஸ்வொர்த், சில மாதங்களுக்கு முன்பு வரை ஷெஃபீல்டு சட்டை போட்டவர். அதே பருவத்தில் ஷெஃபீல்டுக்காக ஒரு பெனால்டியைத் தவறவிட்டவரும் அவரே. வெறுக்க வேண்டுமென்றால் அங்கே எவ்வளவு விஷயம் இருக்கிறது! விகன் என்ற பெயரை அண்ணன் ஒருமுறைகூடக் கோபமாகச் சொல்லவில்லை.

வெள்ளி – திருமங்கலம்

வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் ஆட்டுச் சந்தை. இருட்டோடு போனால்தான் நல்ல கிடாய் கிடைக்கும் என்று அண்ணன் எல்லோரையும் எழுப்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரக்கு வண்டிகளிலிருந்து ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. புழுக்கையும் பீடியும் கொத்தமல்லி போட்ட டீயும் கலந்த வாடை. வாங்க வந்தவர்கள் ஆட்டின் இடுப்பை அமுக்கிப் பார்க்கிறார்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள், முன்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி எடையை மனதுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். தராசு வைத்தால் வியாபாரம் சுவைக்காது போலும்.

எங்களுக்குக் கருங்கிடாய் வேண்டும். ஒரு வெள்ளை மயிர்கூட இருக்கக்கூடாது, கொம்பு முறிந்திருக்கக்கூடாது, காது கிழிந்திருக்கக்கூடாது. குலதெய்வம் கருப்பு. அவர் விஷயத்தில் சமரசம் இல்லை என்று பெரியப்பா வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது வரிசையில் அப்படியே ஒன்று நின்றது. எண்ணெய் தேய்த்துவிட்டது போல மினுமினுப்பு. கயிற்றைப் பிடித்திருந்த இளைஞன் விலை சொன்னான், அண்ணன் குறைத்தார், அவன் ஏற்றினான். ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது அந்தப் பையன், “ஒரு நிமிடம் அண்ணே, அவரைக் கேட்டுக்கொள்கிறேன்” என்று டீக்கடைப் பக்கம் திரும்பினான். அங்கே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

“ஆடு உன்னுடையது இல்லையா?” என்றார் அண்ணன்.

“நான்தான் வளர்க்கிறேன் அண்ணே. முதல் போட்டது அவர். விற்கிற விலையை அவர்தான் சொல்ல வேண்டும்.”

இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வாரத்து வளர்ப்பு. ஒருவர் பணம் போட்டு ஆடு வாங்கிக் கொடுப்பார், இன்னொருவர் மேய்த்து வளர்ப்பார், விற்ற பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதில் ஒளிவுமறைவும் கிடையாது. ஆனால் அண்ணனின் முகம் மாறிவிட்டது. மச்சான் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சற்று தள்ளிப் போய் நின்றார். தோள்கள் குலுங்கின.

“வேண்டாம்” என்றார் அண்ணன்.

“எதற்கு அண்ணே? அவர் சரி என்றுதான் சொல்வார்.”

“மூன்றாவது ஆள் இருக்கிற ஆடு வேண்டாம் தம்பி.”

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், என்ன புரியும்? வெளியாட்கள் ஆட்டக்காரர்களின் உரிமையை வைத்துக்கொள்வதைப் பிரீமியர் லீக் 2008இல் முழுதாகத் தடை செய்தது, 2015இல் ஃபிஃபா உலகம் முழுவதற்கும் தடை போட்டது, இப்போது திருமங்கலம் சந்தையிலும் அது அமலுக்கு வந்துவிட்டது என்று அவனிடம் யார் விளக்குவது?

கடைசியில் வேறொரு கிடாய் வாங்கினோம். முழுக் கருப்புதான், ஆனால் முதலில் பார்த்ததைவிடச் சிறியது, விலையோ கூடுதல். காரில் திரும்பும்போது மச்சான் ஒன்றே ஒன்று சொன்னார். “அத்தான், டெவெஸைப் பார்த்து நானும் காகிதம் கேட்டிருக்க வேண்டுமா? மழையில் நனைந்துகொண்டு அவன் ஓடிய ஓட்டத்தைத்தான் நாங்கள் பார்த்தோம்.” அண்ணன் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். மச்சான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே நியாயத்தைத்தான் விசாரணைக் குழுவும் சொன்னது என்பதுதான் சிக்கல்.

சனி – அழகர்கோயில்

மதுரையிலிருந்து வடக்கே போனால் மலை திடீரென்று எழுந்து நிற்கும். முதலில் நூபுர கங்கை வரை ஏறிவிட்டு, பழமுதிர்சோலையில் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். குரங்குகள் மச்சானின் பொரிப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டன. கள்ளழகர் சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. பிரசாதக் கடையில் அந்தத் தடித்த நெய்த் தோசை சூடாகக் கிடைத்தது. மிளகும் சுக்கும் நாக்கில் ஏறும். இதற்காகவே இரண்டாம் முறை வரிசையில் நின்றேன்.

நான் போனது பதினெட்டாம்படிக் கருப்புக்காக. கோபுர வாசலில் உருவம் கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுகளே சாமி. அழகரின் ஒளியைக் கவர வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரைப் படிகளுக்கு அடியில் புதைத்தார்கள், காவலுக்குக் கருப்பன் நின்றான் என்பது கதை. நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைத்த அரிவாள்கள் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கின்றன. அண்ணனுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. எது வண்டிப் பட்டையில் அடித்தது, எது வெறும் தகடு, எதைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் சரியாகத் துவைச்சல் கொடுக்கவில்லை என்று ஆரம்பித்தார். ஷெஃபீல்டு அணியின் செல்லப் பெயரே பிளேட்ஸ், அதாவது கத்தி அலகுகள். வெஸ்ட் ஹாம், தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டிய இரும்புத் தொழிற்சாலையின் ஆட்கள் 1895இல் தொடங்கிய அணியிலிருந்து வந்தது. சின்னத்தில் இரண்டு சுத்தியல். இரண்டும் ஒரே பட்டறைக் குடும்பம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இருவருமே ரசிக்கவில்லை.

இந்த வாசலில் இன்னொரு வழக்கம் உண்டு. கடன், களவு, நிலம் என்று எந்த வழக்கானாலும் இங்கே வந்து சத்தியம் செய்துவிட்டால் எதிராளி அதற்கு மேல் பேச மாட்டார். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பன் பார்த்துக்கொள்வான். சத்தியத்துக்குப் பயந்து படிக்கு வரும் முன்பே பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

“இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும் அவர்களை” என்றார் அண்ணன். “முதல் தடவை லீக் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.”

“பணம்தான் வாங்கிவிட்டீர்களே” என்றார் மச்சான்.

அதுவும் உண்மை. ஷெஃபீல்டு நிர்வாகம் விடவில்லை. 2008இல் லார்டு கிரிஃபித்ஸ் தலைமையிலான நடுவர் குழு, டெவெஸ் இல்லாவிட்டால் வெஸ்ட் ஹாமுக்குக் குறைந்தது மூன்று புள்ளியாவது குறைந்திருக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. 2009இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஏறத்தாழ 2 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. பயிற்சியாளர் நீல் வார்னக் தோற்ற சில நாளிலேயே பதவி விலகியிருந்தார். அணி மறுபடி மேலே வந்தது 2019இல். நடுவில் மூன்றாம் பிரிவு வரை போய்விட்டு வந்தது.

இரவு மொட்டை மாடியில் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். விகன் மீது ஏன் கோபமில்லை?

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “விகன் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கண் முன்னால் அடித்தது. அதை நான் பார்த்தேன். அன்று நாங்கள் நன்றாக ஆடவில்லை. அதையும் பார்த்தேன். வெஸ்ட் ஹாம் எங்களோடு அன்று ஆடவே இல்லையே. நாங்கள் மூழ்கும்போது வேறு ஊரில் கரையேறியது. கரையேறிய படகு அதனுடையதும் இல்லை” என்றார்.

அவரைத் தோற்கடித்தவன் மேல் அவருக்கு மரியாதையே இருக்கிறது. தப்பித்தவனைத்தான் மன்னிக்க முடியவில்லை. பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளின் ரசிகர்களிடம் இப்படி ஒரு கசப்பை நான் பார்த்ததில்லை. அங்கே அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறது. இறங்கியவனுக்கு அடுத்த ஆண்டில் எதிரியே கண்ணில் படுவதில்லை. அவன் வேறு பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறான். பன்னிரண்டு வருடம் திட்டுவதற்குக்கூட ஒரு லீக் ஆட்டம் கிடைக்காமல் இருந்தது அண்ணனுக்கு. என்னைக் கேட்டால், புள்ளியைக் குறைத்திருக்கத்தான் வேண்டும். மச்சானிடம் இதைச் சொல்லவில்லை. தாய்மாமன், நாளை விசேஷம்.

ஞாயிறு – குலதெய்வக் கோயில்

நாகமலை புதுக்கோட்டை வழியாகப் போனோம். இடது பக்கம் சமணர் மலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஏறிப் பார்க்க நேரமில்லை.

கோயில் என்றால் பெரிய ஆலமரம், ஒரு மேடை, இரண்டு குதிரை, தகரப் பந்தல். தாய்மாமன் சீர் மேளத்தோடு வந்தது. பட்டுப் பாவாடை, தோடு, வெள்ளிக் கொலுசு, பழத் தட்டுகள், ஒரு ஆடு. மச்சான் குறை வைக்கவில்லை. அண்ணியின் முகத்தில் பெருமை. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து முதல் காதுக்கு வீறிட்டது, இரண்டாம் காதுக்கு மாமனின் சட்டையைக் கிழித்தது.

பிறகு கிடாய். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அது உதறவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி தெளித்தார்கள். பூசாரி தீபத்தைக் காட்டினார். பெரியப்பா வியர்த்துப்போய், “என்ன குறை வைத்தோம் சாமி” என்று கை கூப்பினார். கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது.

மச்சான் என் காதருகே, ஆனால் அண்ணனுக்கும் கேட்கும்படி, “வீடியோ நடுவர் பார்க்கிறார்” என்றார்.

அண்ணன் திரும்பாமலே பதில் சொன்னார். “பார்க்கட்டும். வீடியோ நடுவர் எங்கள் பக்கம்தான்.”

2020 ஜனவரியைச் சொல்கிறார். பிராமல் லேனில் ஷெஃபீல்டு 1-0 என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியும் நேரத்தில் வெஸ்ட் ஹாமின் ஸ்னோட்கிராஸ் கோல் அடித்துவிட்டார். வீடியோவில் பார்த்தால் அதற்கு முன்பு டெக்லன் ரைஸின் கையில் பந்து பட்டிருக்கிறது. கோல் ரத்து. மறுநாள் அண்ணன் தெருவுக்கே ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்ததாக அண்ணி சொல்லியிருக்கிறார். மச்சான் பதிலுக்கு 2023இல் வெஸ்ட் ஹாம் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றபோது பட்டாசு வெடித்தார். கிடாய் இந்த நேரத்தில் உடம்பை உதறியது. குலவை எழுந்தது.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் மொய் மேசை. நோட்டு, பணப்பெட்டி, மைக். இந்தப் பக்கத்தில் மொய்யை ஒலிபெருக்கியில் சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே அர்த்தமில்லை. ஆயிரத்து ஒன்று, ஐந்நூற்று ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மைக்காரர் ஒரு கணம் தடுமாறினார்.

“தாய்மாமன் மொய்... இரண்டாயிரத்து ஏழு ரூபாய்.”

சந்தேகத்தில் இன்னொரு முறையும் சொன்னார். “இரண்டாயிரத்து... ஏழு.”

பந்தலில் கரண்டிச் சத்தம் நின்றது. சீர் தனி, மொய் தனி என்றாலும் தாய்மாமன் மொய் இரண்டாயிரமா என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஏழு ராசியான எண், சோதிடர் சொல்லியிருப்பார் என்று அவர் சமாதானம் சொன்னார். அண்ணனுக்கு மட்டும் புரிந்தது. கையில் குழம்பு வாளியோடு அப்படியே நின்றார். மச்சான் மொய் மேசையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி விஷயம் தெரிந்ததும் தம்பியைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்ப் பேசியது எல்லோருக்கும் கேட்டது. “ஊர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டு இளிக்கிறாயா? யாரோ ஒருவன் எங்கோ பந்து உதைத்ததற்கு என் மகள் காதுகுத்தா கிடைத்தது?” மச்சான் பணப்பையிலிருந்து ஒரு மோதிரப் பெட்டியை எடுத்து நீட்டியதும் குரல் கொஞ்சம் இறங்கியது. முன்பே வாங்கி வைத்திருந்திருக்கிறார். முதலில் அக்காவைத் திட்ட விட்டுவிட்டுப் பிறகு கொடுத்திருக்கிறார். ஆளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

இரவு வீட்டில் அண்ணன் மொய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்வதுதான் முறை. குறைத்துச் செய்தால் அவமானம், அதே தொகையைச் செய்தால் உறவை முடித்துக்கொள்வதாகப் பொருள். தை மாதம் மச்சான் வீட்டில் புதுமனை புகுவிழா.

“இரண்டாயிரத்து இருபது” என்றார் என்னிடம். “பதின்மூன்று ரூபாய் கூடுதல். முறை தவறவில்லை. மைக்கில் இரண்டு தடவை சொல்லச் சொல்வேன்.”

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, இட்லியைக் கட்டித் தரட்டுமா அல்லது சாப்பிட்டுவிட்டே போகிறேனா என்று கேட்டார்.